லண்டனா, பெர்லினா, சோலோவா: காதால் படிக்கப் போகிறவர்களுக்கு

தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பாட்டும் படிப்பும் சேர்ந்து வாய்த்த சிலர், பி.ஏ. கடைசி வருஷத்தில் வீட்டில் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறார்கள்: வெளிநாட்டுக்குப் போய் இசை படிக்க வேண்டும். கச்சேரி செய்வது அவர்கள் நோக்கம் இல்லை. ஒரு மக்களின் பாட்டு, கதை, சடங்கு, தெருப் பேச்சு எல்லாவற்றையும் ஒலி வழியாகப் படிக்க வேண்டும் என்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் இதற்கு எத்னோமியூசிகாலஜி, சவுண்ட் ஸ்டடீஸ், ஃபோக்லோர் என்று வெவ்வேறு வாசல்கள். என் அக்கா மகள் இப்போது அந்த வாசல்களுக்கு முன்னால் நிற்கிறாள். ஆர்.கே.புரத்தில் வாய்ப்பாட்டு கற்றவள், தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தவள், கல்லூரியில் ஆங்கில இலக்கியம். அவளுக்காகத் தேடிப் படித்தவற்றையும், கடைசியில் நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதையும் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் பயன்படலாம்.

எந்த நாடு, எவ்வளவு செலவு, திரும்பி வந்தால் என்ன வேலை என்றுதான் முதலில் கேட்போம். மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் இந்தப் படிப்பில் அவற்றுக்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே போய் யார் முன்னால் உட்காரப் போகிறோம்? கையைப் பிடித்துச் சொல்லித்தரும் வாத்தியார் முன்னாலா, நூறு வருஷத்துக்கு முந்தைய ஒலிப்பதிவின் முன்னாலா, கருத்தரங்க மேசையில் ஒரு பேராசிரியர் முன்னாலா? மூன்றுக்கும் மூன்று ஊர்.

"இலக்கியம் படிச்சவளுக்கு ஒலி எதுக்குடா?" என்று அக்கா கேட்டாள். அதற்கு நல்ல பதில் இருக்கிறது. ஹோமர் எழுதிய கவிஞரா, வாய்வழியாக வந்த மரபா என்ற பழைய சண்டைக்கு ஏட்டில் விடை தேடாமல், 1933-க்கும் 1935-க்கும் இடையில் யூகோஸ்லாவியக் காபிக்கடைகளில் தேடினார் ஹார்வர்டைச் சேர்ந்த மில்மன் பாரி. குஸ்லே என்ற தந்தி வாத்தியத்தை இழைத்துக்கொண்டே மணிக்கணக்கில் காவியம் பாடியவர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவரும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் போட்ட பாதையில்தான் இலங்கைத் தமிழரான க. கைலாசபதி நடந்தார். பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகக் கவிதையாகப் படித்தார். அது 1968-ல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. அந்த முடிவுகளோடு மல்லுக்கு நிற்பவர்கள் இன்றும் உண்டு. இருக்கட்டும். புறநானூற்றை யாரோ பாட, யாரோ கேட்ட ஒன்றாக நினைக்கவைத்தது அந்த வெளிநாட்டுப் படிப்பு.

சரி, லண்டன். தில்லியில் இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் முதலில் சொல்வது சோவாஸ், ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி. காரணம் இருக்கிறது. ஆர்னால்ட் பேக்கே என்ற டச்சு ஆய்வாளர் 1930-களில் இந்தியா முழுக்கச் சுற்றிப் பாட்டுகளைப் பதிவு செய்தவர். பிறகு சோவாஸில் கற்பித்தார். 1938-ல் தென்னிந்தியாவில் அவர் பதிவு செய்த ஊர்களுக்கு, அவருடைய மாணவர் நசீர் ஜெய்ராஸ்பாய் 1984-ல் திரும்பிப் போனார். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் அந்தப் பாட்டுகள் என்ன ஆயின, யார் இன்னும் பாடுகிறார்கள் என்று தேடினார். ஒரே இடத்தை 46 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை கேட்பது என்ற அந்த யோசனையே இந்தத் துறைக்கு ஒரு பாடம். சோவாஸிலிருந்து நடக்கும் தூரத்தில் பிரிட்டிஷ் லைப்ரரியின் ஒலிக் காப்பகமும் இருக்கிறது. 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலுக்குப் பிறகு அதன் இணைய ஒலித் தொகுப்பு நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஒரே வருஷத்துல முடிஞ்சிடும் மாமா" என்பது அக்கா மகளுடைய வாதம். எனக்கு உறுத்துவதே அந்த ஒரு வருஷம்தான். செப்டம்பரில் போய் இறங்கி, குளிர் பழகி, வீடு தேடி, படிக்க வேண்டிய கட்டுரைகளில் மூழ்கி எழுந்தால் வசந்தம் வந்துவிடும், பிறகு ஆய்வேடு. தலையில் நிறைய ஏறும். காது மாறுவதற்கு அந்த அவகாசம் போதாது. செலவும் லேசானது இல்லை: கட்டணம் மட்டும் 20,000 பவுண்டுக்கு மேல், ரூபாயில் இருபது லட்சத்தைத் தாண்டும், லண்டன் வாடகை தனி. இந்தியர்களுக்கான ஃபெலிக்ஸ் உதவித்தொகை கிடைத்தால் கதையே வேறு. அது சோவாஸ், ஆக்ஸ்போர்டு, ரெடிங் மூன்றுக்கும் உண்டு. முதல் வகுப்பு வேண்டும், போட்டி கடுமை. கலை, பண்பாட்டுத் துறையினருக்கு உதவும் சார்ல்ஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளையை எல்லாரும் சொல்வார்கள். நல்ல அமைப்புதான், ஆனால் முதுகலை முழுவதற்கும் அதை மட்டும் நம்பிக் கிளம்ப முடியாது. லண்டனுக்குச் சாதகமாக ஒன்று: ஒரு வருஷ பிரிட்டிஷ் முதுகலைப் பட்டத்தை ஏற்கும் ஒப்பந்தத்தில் இந்தியா 2022 ஜூலையில் கையெழுத்திட்டது. ஒரு வருஷப் பட்டம் இங்கே செல்லுமா என்று முன்பு இருந்த தலைவலி குறைந்திருக்கிறது.

அமெரிக்கா வேறு மாதிரி. அங்கே இந்தத் துறையில் தமிழ் வாடை அடிக்கும் ஊர் ஒன்று உண்டு: கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன், அங்கிருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகம். பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி 1960-களில் அங்கே கற்பித்தார். அவருடைய தம்பிகள் மிருதங்கம் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அங்கேயே ஆண்டுக்கணக்கில் ஆசிரியர்களாக இருந்தார்கள். நம் சபாக்கள் பாகவதர் என்று கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸ் அந்தப் பட்டறையில் உருவானவர். நவராத்திரி விழா 1976 முதல் நடக்கிறது. இதே துறையில் ஜாவாவின் கேமலான் வாத்தியக் குழுவும் உண்டு. ஒரு அறையில் பேசியதை அதே அறையில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பதிவு செய்து, சொற்கள் கரைந்து அறையின் அதிர்வு மட்டும் மிஞ்சும்படி 1969-ல் செய்து காட்டிய ஆல்வின் லூசியரும் அங்கேதான் கற்பித்தார். ஒரே கூரைக்குக் கீழே இவ்வளவு விதமான கேட்டல் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஆர்.கே.புரத்தில் கற்ற தோடியை மிடில்டவுன் வரை கொண்டுபோய் அதையே பாடிக்கொண்டிருந்தால் டிக்கெட் காசு தண்டம். இந்தப் படிப்பை அமெரிக்காவில் ஊன்றியவர்களில் ஒருவரான மேன்டில் ஹூட், ஒரு மாணவர் தன் இசை தவிர இன்னொரு மக்களின் இசையையும் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று 1960-லேயே வாதாடினார். கலிபோர்னியாவில் அவர் உருவாக்கிய துறை அந்த அடிப்படையில் நின்றது. வெளியாள் காது என்ன செய்யும் என்பதற்கு யோஷிதாகா தெராதா ஓர் உதாரணம். ஜப்பானியர், சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1992-ல் அவர் முடித்த முனைவர் ஆய்வு டி.என். ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றியது. அந்த மாபெரும் நாகஸ்வரக்காரரைப் பற்றி யார் யார் எப்படிப் பேசுகிறார்கள், ஒரு சாதியார் சொல்லும் கதைக்கும் இன்னொரு சாதியார் சொல்லும் கதைக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். உள்ளூர்க்காரர் கேட்டிருந்தால் பாதிப் பேர் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

பணக் கணக்கில் அமெரிக்காவின் விதி எளிமையானது: முனைவர் படிப்புக்கு உதவித்தொகை, முதுகலைக்குப் பெரும்பாலும் சொந்தக் காசு. முதுகலைக்கும் கைகொடுக்கும் துறைகள் சில உண்டு, வெஸ்லியன் அவற்றில் ஒன்று. இந்த ஆண்டும் தருகிறீர்களா என்று துறைக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. மனிதவியல் துறைகளின் கையில் இப்போது காசு புழக்கம் குறைவு. ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று வருஷ வேலை அனுபவம் கேட்கிறார்கள், ஆகவே கல்லூரி முடித்த கையோடு அவர்களுடைய ஹெய்லி ரோடு அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை. முனைவர் படிப்பு என்றால் ஐந்தாறு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். பறை, கிறித்தவத் தமிழ்ப் பாடல், தலித் இசை அரசியல் இவற்றில் மனம் இருப்பவர்கள் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஸோயி ஷெரினியன் எழுதியதைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். இங்கே ஊரைவிட வழிகாட்டிதான் முக்கியம்.

பெர்லின், ஒலிப்பதிவின் முன்னால் உட்கார விரும்புகிறவர்களுக்கு. கார்ல் ஸ்டும்ப் 1900-ல் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து பிறந்தது பெர்லின் ஃபோனோகிராம் காப்பகம். அதன் மெழுகு உருளைகள் இரண்டாம் உலகப் போரில் இடம் பெயர்ந்து, சோவியத் படையோடு லெனின்கிராட் போய், பிறகு கிழக்கு பெர்லின் வந்து, சுவர் விழுந்த பின்தான் பழைய இடத்துக்குத் திரும்பின. யுனெஸ்கோ 1999-ல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் லவுட்ஆர்க்கிவ் என்ற ஒலிக் காப்பகம். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களைப் பதிவுக் கருவியின் குழல் முன்னால் நிறுத்திக் கதை சொல்லச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள். மொழி ஆய்வுக்காம். பஞ்சாபியிலும் நேபாளியிலும் வீட்டு ஏக்கத்தைச் சொல்லும் குரல்கள் தட்டுகளில் இருக்கின்றன. இலக்கியமா, சரித்திரமா, இசையா என்று பிரிக்க முடியாத பொருள் அது. தில்லியில் வளர்ந்து பஞ்சாபி காதில் விழுந்தே பழகிய ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே செய்ய வேலை இருக்கிறது.

செலவும் லண்டனோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் வெளிநாட்டவரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்காக முடக்கி வைக்க வேண்டிய 11,904 யூரோ மாதாமாதம் நமக்கே திரும்பி வரும் பணம். ஆனாலும் அவ்வளவையும் ஒரே நேரத்தில் புரட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்கு வேடிக்கையில்லை. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேறு எடுக்க வேண்டும். பெரிய தடை மொழிதான். இசையியல் வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில். கஸ்தூர்பா காந்தி மார்க் மேக்ஸ் முல்லர் பவனில் ஏ1 என்ற முதல் படியில் தொடங்கி பல்கலைக்கழகம் கேட்கும் நிலைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஜெர்மன் வேண்டாம், ஆங்கிலத்திலேயே கிடைக்கும் ஒலிப் படிப்பு போதும் என்று போகிறவர்கள் பெரும்பாலும் ஒலிக் கலைஞர்களாக, தொழில்நுட்பக்காரர்களாக ஆகிறார்கள். அது வேறு பாதை, இவளுக்கு உரியதில்லை.

அயர்லாந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. லிமரிக் பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் வேர்ல்ட் அகாடமி, பாட்டையும் ஆட்டத்தையும் ஆய்வையும் ஒன்றாக நடத்தும் இடம். 1935-ல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் ஆணையம், கிழவர்கள் சொன்ன கதைகளை மெழுகு உருளையில் எடுத்து, எழுதி முடித்ததும் மெழுகைச் சுரண்டி மறுபடி பயன்படுத்தியது. காசில்லாத நாடு. சொற்கள் மிஞ்சின, பல குரல்கள் போயின. நம் நாட்டுப்பாடல் தொகுப்புகளைப் புரட்டும்போதும் எனக்கு அதே குறைதான் படும், மெட்டு எங்கே? பரதநாட்டியக்காரர்கள் இருந்தால் கோரியோமண்டஸ் என்ற ஐரோப்பிய முதுகலையைப் பாருங்கள்: பிரான்ஸ், நார்வே, ஹங்கேரி, பிரிட்டன் என நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது, உதவித்தொகையும் உண்டு.

இனி இந்தோனேசியா. தில்லியில் இதைச் சொன்னால் "பாலிக்கு டூரா?" என்பார்கள். அந்நாட்டு அரசின் தர்மசிஸ்வா திட்டம் 1974-ல் ஆசியான் நாடுகளுக்காகத் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கும் விரிந்தது. வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்கி மொழியோ, இசையோ, நடனமோ, பொம்மலாட்டமோ கற்கலாம். படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் ஒரு சிறு தொகை தருவார்கள், விமான டிக்கெட் நம் செலவு. பட்டம் கிடையாது, சான்றிதழ்தான். சோலோ என்று எல்லாரும் அழைக்கும் சுரகர்த்தாவிலும், யோக்யகர்த்தாவிலும், டென்பசாரிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன.

கர்நாடக இசை பழகிய காதுக்கு ஜாவா ஏன் நல்லது? முதலில் ஸ்ருதி. நாம் நம் கட்டையை நாமே வைத்துக்கொள்கிறோம், செல்போனில் தம்புரா செயலி ஓடுகிறது, எந்த மேடையானாலும் அது கூட வரும். கேமலானில் அது செல்லாது. வெண்கலத்தில் வார்த்த வாத்தியங்கள். ஒரு குழுவின் சுருதி இன்னொரு குழுவின் சுருதியோடு ஒத்துப் போகாது. ஸ்லேன்ட்ரோ ஐந்து சுரம், பேலாக் ஏழு சுரம், ஆனால் இடைவெளிகள் ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்சம் வேறு. பாடுகிற பெண்தான் அந்த ஊர் வெண்கலத்துக்குத் தன் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்புறம் தாளம். நமக்குச் சமம் தொடக்கத்தில். அங்கே பெரிய கோங் சுற்றின் முடிவில் விழும், எடை முழுக்க அங்கே. ஆதி தாளத்தில் ஊறியவர்கள் முதலில் எல்லாவற்றையும் ஒரு அடி தள்ளிக் கேட்பார்கள். அந்தத் தடுமாற்றம் தீரும்போதுதான், நம் தாளத்தில் நாம் இயற்கை என்று நினைத்தது ஒரு பழக்கம் என்பது பிடிபடும். புத்தகத்தில் இதைப் படித்தால் தலையாட்டலாம், கையில் சுத்தியலோடு உட்கார்ந்து தப்பான இடத்தில் தட்டினால்தான் உறைக்கும்.

இலக்கியம் படித்தவளுக்கு அங்கே வாயாங் இருக்கிறது, தோல்பாவை நிழற்கூத்து. இரவு தொடங்கி விடியும்வரை மகாபாரதமோ ராமாயணமோ. டாலாங் என்கிற ஒருவரே அத்தனை பாத்திரங்களுக்கும் பேசுவார், பாடுவார், பொம்மைப் பெட்டியில் தட்டித் தட்டி வாத்தியக் குழுவை நடத்துவார். இரவு நகர நகர இசையின் பத்தெட், அதாவது நம் ராகம் போன்ற சுர அமைப்பு, மாறும்: நெம், சங்க, மன்யூரா. கடிகாரம் பார்க்காமலே, காதில் விழுவதை வைத்து விடியலுக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தும் விடிய விடிய பாரதம்தான். கட்டியங்காரன் செய்யும் வேலையில் பாதியை அங்கே செமார் என்ற கோமாளி செய்கிறார். செமார் வியாசரிடம் இல்லை, ஜாவாக்காரர்களுக்கே சொந்தம். ஒரே கதை இரண்டு கரைகளில் எப்படி ஒலிக்கிறது என்று ஒரு தமிழர் கேட்டு எழுதினால், அந்த ஆய்வேட்டைப் படிக்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

குறைகளையும் சொல்கிறேன். சான்றிதழை வைத்து இங்கே உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. எந்தக் கல்லூரியில் போடுவார்கள் என்பது முழுக்க நம் கையில் இல்லை. "ஒரு வருஷம் வீண்தானே? நீயும் சேர்ந்து ஏத்தி விடாதேடா" என்று அக்கா சொன்னதில் தப்பில்லை. என் பதில் இது. வெஸ்லியனிலும் சோவாஸிலும் பின்னால் விண்ணப்பிக்கும்போது, பாட்டு தெரியும் என்று வருகிற இந்தியப் பிள்ளைகள் நிறைய. பாட்டும் தெரியும், ஜாவாவில் ஒரு வருஷம் உட்கார்ந்து இன்னொரு இசையைக் கையால் கற்றேன், இந்தோனேசிய மொழி பேசுவேன் என்று வருகிறவர்கள் குறைவு. செலவழிப்பதும் டிக்கெட்டும் கைச்செலவும்தான்.

தில்லியை விட்டுப் போகாமலே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. பேக்கேயின் பாதையில் திரும்பிப் போன அதே ஜெய்ராஸ்பாய் 1982-ல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்துக்காக உருவாக்கிய இன இசையியல் காப்பகம் குருகிராமில், செக்டர் 32-ல் இருக்கிறது. மஞ்சள் தடத்தில் கடைசி ஸ்டேஷன் வரை போய் ஒரு ஆட்டோ. லண்டனுக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே ஒரு நாள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பார்கள்? பிரிட்டிஷ் காலத்தில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி எடுத்த கிராமபோன் பதிவுகள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜே.என்.யூ.வின் கலை அழகியல் துறையில் முனைவர் ஆய்வே செய்யலாம். களத்துக்கும் பஞ்சமில்லை. ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் குடிசைப் பகுதி 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. பல குடும்பங்கள் நரேலாவுக்குப் போக வேண்டியதாயிற்று. பல பத்தாண்டுகளாக ஒரு நாலாவின் (கழிவுநீர்க் கால்வாயின்) கரையில் ஒலித்த தில்லித் தமிழும் அதன் பாட்டும் இப்போது நகரத்தின் இன்னொரு ஓரத்தில். மலை மந்திர் முருகன் கோயில் கச்சேரி மட்டுமே தில்லித் தமிழரின் ஒலி என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு நடை போய்வரலாம்.

ஆக, என் சாய்வு இப்படி. கையில் முழு உதவித்தொகை இருந்தால் லண்டனுக்குப் போகலாம், கடன் வாங்கிப் போக வேண்டாம். ஆவணங்களில் பைத்தியம் இருந்து, ஜெர்மனுக்கு இரண்டு வருஷம் கொடுக்கத் தயார் என்றால் பெர்லின். பொறுமைசாலிகளுக்கு அதைவிட மலிவான நல்ல இடம் இல்லை. எந்த ஆய்வு, யாரிடம் என்று தெளிவாகிவிட்டவர்கள் நேராக அமெரிக்க முனைவர் படிப்புக்கு எழுதலாம். இருபத்தொரு வயதில், ஆர்வம் மட்டும் இருந்து கேள்வி இன்னும் உருவாகாதவர்களுக்கு முதலில் சோலோ, பிறகு மற்றது.

விண்ணப்பக் காலங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை என்பது ஒரு வசதி. அமெரிக்கா டிசம்பரை ஒட்டி, தர்மசிஸ்வா பெரும்பாலும் புது வருஷத்தை ஒட்டி, ஜெர்மனியின் குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை நடு வரை. பரிந்துரைக் கடிதத்துக்குப் பாட்டு டீச்சரையும் கேளுங்கள், ஆங்கிலப் பேராசிரியர் மட்டும் போதாது. மாதிரி ஒலிப்பதிவு கேட்டால் ஸ்டுடியோவில் மெருகேற்றியதை அனுப்பாமல், வீட்டில் அமைதியான அறையில் பாடியதை அனுப்புங்கள். அக்கா மகள் தர்மசிஸ்வாவுக்குத் தயாராகிறாள். கூடவே தில்லிப் பல்கலைக்கழக எம்.ஏ.வுக்கு சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வுப் படிவத்தையும் நிரப்ப வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. அதையும் நிரப்பியாயிற்று.